வெளிநாட்டு வேலை விசா: வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்கான முழு வழிகாட்டி

"லண்டன் போகட்டுமா, ஜெர்மனி போகட்டுமா?" சிஎம்சியில் நர்ஸிங் முடித்தவர்கள், காட்பாடியில் இன்ஜினியரிங் படித்து நாலைந்து வருடம் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்தவர்கள், ஆம்பூர் லெதர் கம்பெனிகளில் புரொடக்‌ஷன் பார்ப்பவர்கள், ராணிப்பேட்டை சிப்காட்டில் இருப்பவர்கள் என எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நாட்டை வைத்துத் தொடங்கினால், அங்கே சித்தப்பா மகன் இருக்கிறான், ஏஜென்ட் அந்த நாட்டுக்குத்தான் ஆள் எடுக்கிறார் என்பதே கடைசியில் முடிவாகிவிடும்.

முதலில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விசா கம்பெனியைப் பிடித்து நிற்கிறதா, என் தகுதியைப் பிடித்து நிற்கிறதா? வேலை போனால் அந்த நாட்டில் எனக்கு எத்தனை நாள் கிடைக்கும்? என் படிப்பையும் தொழில் பதிவையும் அந்த நாடு ஒப்புக்கொள்ளுமா? இவற்றுக்கு விடை தெரிந்தால் எந்த நாடு என்பது பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும்.

இங்கே சொல்லும் தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் முன் அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் பேப்பரைச் சரிசெய்யுங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு விசா இழுத்தடிக்கும் பெரிய காரணம் பெயர். ஒரு நர்ஸின் ஆவணங்களை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் 'கவிதா எஸ்'. நர்ஸிங் கவுன்சில் பதிவில் 'எஸ். கவிதா'. பாஸ்போர்ட்டில் 'கவிதா சுப்பிரமணி'. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர். நமக்கு இது ஒரே ஆள். டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனத்துக்கு இவர்கள் நான்கு பேர். ஒவ்வொரு முரணுக்கும் ஒரு கேள்வி வரும், ஒவ்வொரு கேள்விக்கும் வாரக்கணக்கில் தாமதமாகும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பது இன்னொரு தொல்லை. அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகிவிடும். அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில்லை. வேலூர் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகப் பிரித்துப் போட்டுவிடுங்கள். அப்புறம், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் வந்த பிறகு இதைத் தொடங்கினால் நேரம் போதாது.

அடுத்தது அனுபவச் சான்று. நம் பக்கத்துக் கம்பெனிகள் பல கொடுக்கும் சான்று நாலு வரிதான்: இன்னார் இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை பணிபுரிந்தார், நடத்தை நன்று. ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இது உதவாது. பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்ற விவரம், கையெழுத்திட்டவரின் பதவியும் தொலைபேசி எண்ணும் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். 'புரொடக்‌ஷன் சூப்பர்வைசர்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. வெட் ப்ளூ (பதனிட்ட ஈரத்தோல்) பிரிவில் எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள், எந்த இயந்திரங்கள், தரச்சோதனை உங்கள் பொறுப்பா என்று எழுதி வாங்குங்கள். வேலையில் இருக்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும். சம்பளத்தின் ஒரு பகுதி கையில் ரொக்கமாக வருகிறது என்றால், இன்றே வங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கும், பிஎஃப் பாஸ்புக்கும், ஃபார்ம் 16-உம்தான் பின்னால் பேசும்.

டிகிரி சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்துடையது என்பதையும் பாருங்கள். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல்தான் வந்தது. அதற்கு முன் நம் மாவட்டக் கலைக் கல்லூரிகளில் முடித்தவர்கள் டிரான்ஸ்கிரிப்ட்டுக்குச் சேர்க்காடு போய்ப் பயனில்லை, சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். நர்ஸிங் டிகிரி என்றால் கிண்டியில் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். அட்டெஸ்டேஷனில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவதில், முதலில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம். பிரிட்டன், கனடா போன்ற நாடுகளுக்கு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் என்ற சர்வதேச முத்திரை போதும். அமீரகத்துக்கு அதன் தூதரக முத்திரையும் வேண்டும்.

படி 2: விசாவின் குணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

முதல் வகை, கம்பெனி ஸ்பான்சர் செய்வது. அமெரிக்காவின் எச்-1பி, பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர், ஆஸ்திரேலியாவின் 482, சிங்கப்பூரின் எம்ப்ளாய்மெண்ட் பாஸ், வளைகுடா வேலை விசாக்கள் எல்லாம் இதில் அடங்கும். வேலை இருக்கும்வரை விசா. வேலை போனால் எச்-1பிக்கு 60 நாள், பிரிட்டனில் வழக்கமாக 60 நாள், சிங்கப்பூரில் 30 நாள், ஆஸ்திரேலியாவில் 180 நாள். வீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு போகிறவர், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர், சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது வகை உங்கள் தகுதிக்கே கிடைப்பது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியும், ஆஸ்திரேலியாவின் 189, 190 விசாக்களும் வயது, படிப்பு, அனுபவம், மொழி ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு, நேராக நிரந்தரமாகத் தங்கும் அனுமதியையே, நாம் பிஆர் என்கிறோமே அதையே, தருகின்றன. கம்பெனி மாறினாலும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வயது இங்கே காத்திருக்காது. கனடாவில் 29 வயது வரைதான் முழுப்புள்ளி, 30-இலிருந்து ஆண்டுக்கு ஆண்டு குறையும். 2025 மார்ச் முதல் வேலை ஆஃபருக்கென்று தந்துவந்த கூடுதல் புள்ளியையும் கனடா எடுத்துவிட்டது. "ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறோம், புள்ளி ஏறும்" என்று இன்னமும் யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, போய் வேலை தேட அனுமதிப்பது. ஜெர்மனி 2024 ஜூனில் தொடங்கிய 'ஷான்சன்கார்டெ' இந்த வகை. ஒரு வருடம் தங்கலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு 6 புள்ளி, ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 (ஏ1-இலிருந்து சி2 வரை ஏறும் மொழித்திறன் நிலைகள் இவை), அத்துடன் ஒரு வருடச் செலவுக்கான பணம் வேண்டும். 2025 கணக்கில் அது மாதம் 1,091 யூரோ, வருடத்துக்கு 13,092. ஜெர்மன் தெரியாமல் இதில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காசு கரைகிற வேகத்தில் அங்கே வேலை கிடைக்காது.

படி 3: உங்கள் தொழிலை வைத்துப் பாருங்கள்

நர்ஸ் என்றால், விசாவை விடத் தொழில் பதிவுதான் பெரிய சுவர். இந்தியாவிலேயே முதல் பிஎஸ்சி நர்ஸிங் படிப்பு தொடங்கிய இடங்களில் ஒன்று நம் ஊர். எந்த நாட்டு மருத்துவமனையிலும் வேலூர் என்ற பெயருக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் பதிவு வாங்க அது மட்டும் போதாது.

பிரிட்டனுக்கு அந்நாட்டு நர்ஸிங் கவுன்சிலான என்எம்சியின் பதிவு வேண்டும். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதலில் 7, எழுத்தில் 6.5 தேவை. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். அப்புறம் இங்கே கணினித் தேர்வு, அங்கே போய் ஓஸ்கி செய்முறைத் தேர்வு. ஹெல்த் அண்ட் கேர் விசாவில் போகும் நர்ஸ், விசாவோடு சேர்த்துக் கட்டும் மருத்துவ சர்சார்ஜைக் கட்ட வேண்டியதில்லை. இது பெரிய லாபம், ஏன் என்று கீழே வரும். ஆனால் பிரிட்டன் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் வெளிநாட்டு ஆளெடுப்பைக் குறைத்துவிட்டதால், முன்பு போல ஒரே மாதத்தில் இன்டர்வியூ, ஆஃபர் என்று நடப்பதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: முதியோர் இல்லக் கேர் ஒர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்கு இப்போது லட்சங்கள் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

ஜெர்மனிக்குப் பொறுமை வேண்டும். முழு அங்கீகாரத்துக்குப் பெரும்பாலும் ஜெர்மன் பி2 தேவை. பி1 முடித்துப் போய், அங்கே அறிவுத் தேர்வோ தகவமைப்புப் பயிற்சியோ முடிக்கும்வரை உதவியாளர் நிலையில், குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்க வேண்டியிருக்கும். பி2 வரை படிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு நுங்கம்பாக்கத்தில் மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. ஜெர்மனியில் 'நேர்மையான ஆளெடுப்பு' என்று அரசு முத்திரை பெற்ற ஏஜென்சிகள் உண்டு. அவற்றின் விதிப்படி மொழிப் படிப்பு, விசா, பயணச் செலவை வேலை தருபவரே ஏற்க வேண்டும். உங்களிடம் பணம் கேட்கும் ஜெர்மன் ஏஜென்சியிடம் இந்த முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அமெரிக்காவுக்கு நர்ஸ்கள் போகும் வழி பெரும்பாலும் எச்-1பி கிடையாது. அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வும், விசாவுக்கான தகுதிச் சரிபார்ப்பான விசாஸ்கிரீன் சான்றும் முடித்து, மருத்துவமனை ஸ்பான்சர் செய்தால் ஈபி-3 வழியாக நேரே கிரீன் கார்டு. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை பல ஆண்டு நீளம். என்கிளெக்ஸை எழுதி வைத்துக்கொண்டு, காத்திருக்கும் நேரத்தில் வேறு நாட்டில் வேலை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

கடன் நெருக்குகிறது, உடனே சம்பாதிக்க வேண்டும் என்றால் வளைகுடாதான் வேகமான வழி. வருமான வரி இல்லை, சேமிப்பு நிற்கும். ஆனால் நிரந்தரக் குடியேற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். சவுதி, குவைத், கத்தார், அமீரகம் உள்ளிட்ட 18 ஈசிஆர் (வேலைக்குப் போகும் முன் நம் அரசின் அனுமதி பார்க்கப்படும்) நாடுகளுக்குப் போகும் நர்ஸ்களுக்கு, ஈசிஎன்ஆர் (அந்த அனுமதி தேவைப்படாத) பாஸ்போர்ட் இருந்தாலும் 2015-இலிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளம் வழியாக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் கட்டாயம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இந்த ஆளெடுப்பைச் செய்கிறது. முதலில் அங்கே பதிவு செய்துவிட்டுப் பிறகு மற்றவர்களைப் பாருங்கள்.

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு எச்-1பி இன்னமும் கனவு. ஆண்டுக்கு 65,000 இடமும், அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு 20,000 இடமும் உண்டு. மார்ச்சில் பதிவு, தேர்வானால் அக்டோபரில் வேலை. 2025 செப்டம்பர் 21-க்குப் பிறகு அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புது மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்துவிட்டது. 2026 பதிவிலிருந்து லாட்டரியிலும் சம்பள நிலை உயர்ந்தவருக்கே கூடுதல் வாய்ப்பு. இங்கிருந்து நாலைந்து வருட அனுபவத்தோடு நேராக எச்-1பியில் போவது இனி மிகக் கடினம் என்றே சொல்வேன். உங்கள் கம்பெனிக்கு அமெரிக்காவில் கிளை இருந்தால், கம்பெனிக்குள்ளேயே மாற்றிக்கொண்டு போகும் எல்-1 விசா கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டில் ஒரு வருடம் தொடர்ந்து அதே கம்பெனியில் வேலை பார்த்திருக்க வேண்டும், லாட்டரி கிடையாது. மனைவியோ கணவரோ உடனே வேலைக்குப் போகலாம். எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் அந்த வசதி எளிதில் வராது.

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு நான் முதலில் காட்டுவது, படித்த வல்லுநர்களுக்கான வேலை அனுமதியான ஜெர்மனியின் ப்ளூ கார்டை. 2025-இல் பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஐடி, இன்ஜினியரிங், மருத்துவம் போன்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759 யூரோ 80 சென்ட். ஜனவரிதோறும் இது ஏறும். ஐடியில் டிகிரி இல்லாதவருக்கும், கடந்த ஏழு ஆண்டில் மூன்று ஆண்டு அனுபவம் இருந்தால் வழி உண்டு. ஜெர்மன் பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரத் தங்கல் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். மற்ற நாடுகளில் ஐந்து வருடமும் பத்து வருடமும் கேட்கும் காலத்தில் இது பெரிய விஷயம். உங்கள் பல்கலைக்கழகம், வெளிநாட்டுக் கல்வியை ஜெர்மனி பட்டியலிடும் அனபின் தளத்தில் எச்-பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடலாம், செலவில்லை.

சிங்கப்பூர் எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2025-இலிருந்து மாதம் 5,600 சிங்கப்பூர் டாலர் குறைந்தபட்சம். வயது ஏற ஏற வரம்பும் ஏறும். கூடவே காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி வேண்டும். ஊருக்கு அடிக்கடி வந்து போக வேண்டியவர்களுக்கு, வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு, இது நல்ல இடம்.

ராணிப்பேட்டையில் பாய்லர், ஃபேப்ரிகேஷன் அனுபவம் உள்ள இன்ஜினியர்களுக்கும் ஜெர்மனி, ஆஸ்திரேலியா இரண்டும் திறந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2024 டிசம்பரில் பழைய 482 மாறி 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' ஆனது. 2025 ஜூலையிலிருந்து அதன் கோர் பிரிவுக்குச் சம்பள வரம்பு 76,515 ஆஸ்திரேலிய டாலர். ஆம்பூர், வாணியம்பாடி லெதர் டெக்னாலஜிஸ்டுகள் பலர் வியட்நாம் போன்ற ஷூ உற்பத்தி நாடுகளுக்குப் போகிறார்கள். அங்கே ஒர்க் பெர்மிட் அதிகபட்சம் இரண்டு வருடம், ஒருமுறை நீட்டிக்கலாம். சம்பாதித்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடு போனால் சரி.

படி 4: ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள்

சம்பளத் தொகையைப் பார்த்ததும் கடிதத்தை மூடிவிடுகிறோம். பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'அடிப்படைச் சம்பளம்' எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு? அமீரகம் போன்ற நாடுகளில் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். விசாவில் போடும் பதவி, நீங்கள் செய்யப்போகும் வேலைதானா? இன்ஜினியரை 'ஹெல்ப்பர்' விசாவில் அழைத்தால் பின்னால் கம்பெனி மாறுவதும், குடும்பத்தை அழைப்பதும் சிக்கலாகும்.

'இரண்டு வருடத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும்' என்ற வரி இருந்தால், எந்தெந்தச் செலவு, மாதம் ஆக ஆகத் தொகை குறையுமா என்று எழுத்தில் கேளுங்கள். தொகை குறையாமல் அப்படியே நிற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எச்-1பி மனுச் செலவை ஊழியரிடம் வாங்குவது அமெரிக்கச் சட்டப்படி தவறு, வேலையில்லை என்று சம்பளம் தராமல் உட்கார வைப்பதும் தவறு. பிரிட்டன் ஆஃபர் என்றால், அந்தக் கம்பெனி ஸ்பான்சர் உரிமம் பெற்றதா என்று அரசுப் பட்டியலில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

படி 5: குடும்பக் கணக்கு

தனியாளாகப் போகும்போது லாபமாகத் தெரியும் விசா, குடும்பத்தோடு போகும்போது தலைகீழாகிவிடும். பிரிட்டன் ஸ்கில்டு ஒர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து 41,700 பவுண்ட். மருத்துவ சர்சார்ஜ் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், பிள்ளைகளுக்கு 776. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று வருட விசா என்றால் 10,866 பவுண்ட். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல், விண்ணப்பிக்கும்போதே மொத்தமாக. இதை யார் கட்டுவது என்று கம்பெனியிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். நிரந்தர உரிமைக்கான காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கும் திட்டத்தையும் பிரிட்டன் அறிவித்திருக்கிறது.

ஜெர்மன் ப்ளூ கார்டில் மனைவிக்கு மொழித் தேர்வு இல்லாமலே விசா உண்டு, வேலையும் செய்யலாம். சிங்கப்பூரில் குடும்பத்தை அழைக்க மாதம் 6,000 டாலர் சம்பளம் வேண்டும்.

படி 6: ஏஜென்ட்

வெளியுறவு அமைச்சகத்திடம் உரிமம் பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கேட்டால் சட்டமீறல். உரிம எண்ணை இமைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். போர்டில் எண் எழுதியிருப்பது போதாது, அந்த எண் அந்தப் பெயருக்குத்தானா, இன்னும் செல்லுபடியா என்று பார்க்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து, ரசீது வாங்குங்கள். "விசிட் விசாவில் போய் இறங்குங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவரை நம்பிப் போனவர்கள் பட்ட பாட்டை நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பல அறியும். பாஸ்போர்ட் அசலை ஏஜென்ட் கையில் வாரக்கணக்கில் விட்டு வைக்காதீர்கள்.

படி 7: வரிசை

பெயர், பாஸ்போர்ட், அனுபவச் சான்று முதலில். அடுத்து மொழித் தேர்வு. ஐஇஎல்டிஎஸ் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால், உங்கள் டிகிரி அந்த நாட்டில் எதற்குச் சமம் என்று பார்க்கும் கல்வி மதிப்பீட்டோடு ஒட்டி எழுதுங்கள். பிறகு தொழில் பதிவு அல்லது ஸ்கில் அசெஸ்மெண்ட். அதன் பிறகே வேலை தேடல், ஆஃபர், விசா. போலீஸ் கிளியரன்ஸ் சான்றை முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள், பல நாடுகள் சமீபத்தில் எடுத்ததையே கேட்கும். சென்னையில் விசா மையத்துக்குக் காலை அப்பாயிண்ட்மெண்ட் என்றால், காட்பாடியில் அன்று காலை வண்டி பிடிக்கலாம் என்று நினைக்காமல் முந்தின இரவே போய்விடுங்கள்.

இப்போதைய வேலையை ராஜினாமா செய்வது விசா கைக்கு வந்த பிறகு மட்டும். ஆஃபர் வந்ததுமே விலகி, விசா மறுக்கப்பட்டு வீட்டில் இருப்பவர்கள் உண்டு.

ஈசிஆர் நாடுகளுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸோடு போகிறவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டை எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பத்து லட்சம் பாதுகாப்பு. பாலிசி எண், வேலை ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் நகல், கம்பெனி முகவரி அடங்கிய ஒரு செட் வீட்டில் இருக்கட்டும். சம்பளம் நின்றாலோ பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலோ, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளத்தில் குடும்பத்தாரே இங்கிருந்து புகார் பதிவு செய்யலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது இந்த விவரங்கள்தான்.